கம்பெனி பஸ் வந்தால் கடிக்கும் குழாய்

கீசர் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேட்டிருக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை முப்பது வருடத்துக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கோபம் குறையவில்லை. அதனால் கோபத்தையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோபம் ஒரு வார்த்தையின் மேல். ‘டைரக்ட்.’ வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது கோட்டை விட்டால் காப்பாற்றுவதற்குப் பக்கத்திலேயே கட்-அவுட் என்று இன்னொன்று. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு, கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ராடில் சுண்ணாம்பு அப்பியது போலப் படிந்துவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் ராடு தகிக்கும், கட்-அவுட் அடிக்கடி விழுந்து கரண்டை நிறுத்தும். வீட்டுக்காரர் கத்துவார். மாற்றிப் போடப் பையில் சாமான் இருக்காது. உடனே நம் ஆள் கட்-அவுட்டைக் கழற்றி, அதற்கு வரும் இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்த்துவிட்டு, ‘டைரக்ட் குடுத்துட்டேன் சார், இனிமே கட்டே ஆகாது’ என்பான். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு. வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு, இனிமேல் ராத்திரியில் விசில் சத்தம் தொந்தரவு இருக்காது என்று சொல்வதற்குச் சமம் இது.

இதைச் சொல்வதால் நான் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது. திருவொற்றியூரில் கடலை ஒட்டி ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் இரண்டாவது மாடியில் எல்லம்மா என்று ஒரு மீன் வியாபாரம் செய்கிற அம்மா. விடியும் முன் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். நாளெல்லாம் ஐஸில் கிடந்த கை, சுடுதண்ணீர் பட்டால்தான் விரல் மடங்கும். கணவர் தவறிவிட்டார். ஒரே மகளை மாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரப்போகிறாள் என்றுதான் எல்லம்மா புதிதாக ஒரு கீசர் வாங்கி மாட்டினார். கூடவே பழைய பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று ஸ்டீல் குழாயும் போட்டார். பத்து நாளில் எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் புகார் வந்தது. குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

முதலில் போனவர் என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஒருவர். காலை பதினொரு மணிக்குப் போனார். அவருக்காக எல்லம்மா அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார். நம் ஆள் சோதித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. ‘மீன் புடிச்ச கை, உப்பு, ஈரம், அதான் சுர்ருங்குது’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீக்கடையில் எங்களிடம், ‘அந்தம்மாவுக்கு ரிப்பேர்காரன் வேணாம்பா, தாயத்து கட்டுறவன்தான் வேணும்’ என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுபடி புகார் வந்தது. இந்த முறை நான் போனேன். அதே காலை பதினொரு மணி, அதே மாதிரி அந்த அம்மா ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சுவிட்ச அணைச்சாலும் கடிக்குது நைனா. அத்த மொதல்ல கேளு” என்றார்.

“சுவிட்ச அணைச்சப்புறம் கரண்டு எப்படிம்மா வரும்?”

“அத்த நீதான் சொல்லணும். எனுக்கு இன்னா தெர்யும்? காத்தால ஒன்னும் பண்ணல. மத்தியானம் மூணு மணி வாக்குல கம்பெனி பஸ்ஸு ஒன்னு முக்குல நின்னுட்டுப் போவுது. அதுக்கப்பாலதான் கடிக்குது. ஞாயித்துக்கெழம பஸ்ஸு கெடையாது. அன்னிக்குக் கடிக்கிறதும் கெடையாது. நான் மூணு வாரமா பாத்துகினு கீறேன்.”

பிள்ளைகளே, இந்த நாலு வரியை நன்றாகப் படியுங்கள். எந்தச் சுவிட்ச், எந்த நேரம், எந்த நாள், எது நடந்த பிறகு, எது நடக்காதபோது இல்லை என்று நாம் நூறு கேள்வி கேட்டுப் பிடுங்க வேண்டிய அத்தனையையும் அந்த அம்மா தானாகவே கொண்டுவந்து கையில் கொடுத்தார். நான் அதற்கு என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “பஸ்ஸுக்கும் குழாய்க்கும் என்னம்மா சம்பந்தம்? மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று புத்தி வேறு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

“சிரிக்காத. மூணு மணிக்கு வந்து பாரு” என்றார்.

மதியம் வேறு வீடு இருக்கிறது என்றேன். புகாரை முடித்துவைக்க அவர் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டேன். “கொறையே தீரல, நம்பர மட்டும் ஏன் கேக்குற?” என்றார். ஆபீஸில் கேட்பார்கள், எனக்குத் திட்டு விழும், மறுபடி வந்தால் பார்க்கலாம் என்று நைச்சியம் பேசி வாங்கிக்கொண்டேன். ஜாப் ஷீட்டில் ‘பரிசோதித்ததில் குறை ஏதும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஓடிபி வாங்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்று உங்களுக்கும் இப்போது சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். குறையைத் தீர்க்காமல் வாங்கும் ஓடிபிக்கு நான் வைத்திருக்கும் பெயர் திருட்டு.

மூன்று நாள் கழித்து எல்லம்மா சர்வீஸ் சென்டருக்கே வந்துவிட்டார். மார்க்கெட்டிலிருந்து நேராக, இடுப்பில் காலிக் கூடையோடு. காத்திருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என் மேசை மேல் அந்தத் தாளை வைத்தார்.

“இது ஒன் கையெழுத்துதான?”

“ஆமாம்மா.”

“இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பொண்ணுக்கு போட்டோ அனுப்புனேன். அத்தப் படிச்சுட்டு சம்பந்தி வூட்ல இன்னா சொன்னாங்க தெர்யுமா? மெக்கானிக்கே எழுதிக் குடுத்துட்டான், கொழாயில ஒன்னும் இல்ல, ஒங்கம்மா மண்டையிலதான் கோளாறு. புருசன் போனதுலேர்ந்தே அது சரியில்ல. பைத்தியம் கீற வூட்டுக்கு மாசமா கீற பொண்ண அனுப்ப மாட்டோம். இப்டி சொல்லிட்டாங்க.” கூடையைக் கீழே வைத்தார். “அவுங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. என் பொண்ணு போன் பண்ணி, யம்மா, மெய்யாலுமே ஒனுக்கு ஒன்னும் இல்லியேன்னு கேக்குறா. நீ வா. வந்து ஒன் கைய வையி.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார். முடித்த புகாருக்குப் போகக் கூடாது, புதிதாகப் பதிவு செய்யச் சொல் என்றார். நான் போனேன். ஆனால் இரக்கப்பட்டுப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாரே என்ற எரிச்சல். போய் ஒன்றுமில்லை என்று நிரூபித்து அவர் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பு.

இரண்டே முக்காலுக்கு அவர் வீட்டில் இருந்தோம். கீசரை மட்டும் அல்ல, வீட்டு மெயினையே அணைத்தேன். குழாயில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. “பாத்தீங்களா?” என்றேன். “பஸ்ஸு இன்னும் வர்ல” என்றார். ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார்.

பஸ் வந்தது. சாப்பாட்டுப் பையோடு ஒருவர் இறங்கினார். பத்து நிமிஷம் போனது. எல்லம்மா திரும்பி, “இப்ப வையி” என்றார். டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. முப்பது வருட அனுபவம் இருக்கிறதே, அது என்ன சொன்னது என்றால், டெஸ்டர்தான் கெட்டுப் போயிருக்கும் என்றது. மெயின் அணைந்திருக்கும்போது கரண்டு எங்கிருந்து வரும்? ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றபடி புறங்கையால் குழாயைத் தொட்டேன். அந்த முட்டாள்தனத்தை நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள். முழங்கை கதவில் மோத, வெளியே வந்து விழுந்தேன்.

“இன்னா நைனா, கடிச்சுதா?” என்றார் எல்லம்மா. அவர் சிரிக்கவில்லை.

“பஸ்ல எறங்குனாரே, அவரு யாரு?”

“மேல் வூட்டுக்காரரு. மணலில கம்பெனி. மொதோ ஷிப்டு முடிச்சு வந்ததும் குளிப்பாரு.”

மூன்று வாரமாக அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவர் குளிக்கக் கீசரைப் போட்டதும் கரண்டு தண்ணீர் பைப் வழியாகக் கீழே இறங்குகிறது. மேலே ஓடினேன். அந்த வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து, “குளிச்சுகினு கீறாரு, அப்பால வாங்க” என்றார். கீசர் சுவிட்ச் எங்கே என்றேன். குளியலறைக்கு உள்ளே. வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே என்றேன். கெட்டுப்போய் எடுத்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிட்டார்களாம். அங்கேயும் ஒரு டைரக்ட்!

கதவைத் தட்டிக் கத்தலாம். ஆனால் குளிக்கிறவனைக் கூப்பிட்டால் முதலில் என்ன செய்வான்? கையை நீட்டிக் குழாயை மூடுவான். அவர் வீட்டில் இரும்புக் குழாயா, பிளாஸ்டிக்கா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் பைப் எட்டு வீட்டுக் குளியலறை வழியாகப் போகிறது. இன்னும் அரை மணியில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து கைகால் கழுவும். குழாயை யாரும் தொட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். மீட்டர் பெட்டியில் எந்த ஃபியூஸ் யார் வீட்டுடையது என்று எழுதியிருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. அதைத் தொட எனக்கு உரிமையும் இல்லை. ஒரு நொடி யோசித்தேன். அந்தப் பக்கத்து எட்டு ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா! மதிய சீரியல் பாதியில் நின்ற கோபத்தில் மாடிக்கு மாடி சத்தம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

“யார்யா நீ? யாரக் கேட்டு ஃபியூஸப் புடுங்குன?”

சொன்னேன். பைப்பில் கரண்டு வருகிறது என்றேன்.

“எல்லம்மா சொன்னுச்சா? அது ஒரு மெண்டலுன்னு இந்த பிளாக்குக்கே தெர்யும். அதும் பேச்சக் கேட்டுகினு பேஜாரு பண்ணாத. ஃபியூஸப் போடு.”

“நானும் தொட்டேன் சார், தூக்கி அடிச்சுது. அப்ப நானும் மெண்டலா? சரி, வாங்க. நீங்க மேல போய் அந்தக் குழாயப் புடிச்சுகினு ஒரு கொரலு குடுங்க. நான் இங்க ஃபியூஸப் போடுறேன்.”

அவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, எதுவானாலும் சீக்கிரம் பாரு என்றார்.

மேல் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் சோப்போடு துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் திட்டத் திட்ட நான் கீசரின் மூடியைக் கழற்றினேன். பின்னால் தகராறு வரக்கூடாதென்று வேலை செய்த தேதியையும் முதலெழுத்தையும் மூடியின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவைப்பது எங்கள் சென்டர் வழக்கம். இதிலும் எழுதியிருந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய தேதி. என் எழுத்து.

உள்ளே கட்-அவுட் டைரக்ட். அதோடு முடியவில்லை. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் அந்தக் கட்டிடத்தில் சரியாகக் கிடையாது. அந்த மாதிரி இடங்களில் எர்த் ஒயரைப் பக்கத்தில் போகும் தண்ணீர் பைப்பில் கட்டிவிடுவது நம் பகுதியில் எல்லோரும் செய்தது. நானும் கட்டியிருந்தேன். இரும்பு பைப் மண்ணுக்குள் போகிறவரை நாங்கள் பிழைத்தோம். அடியில் துருப்பிடித்ததென்று அதற்கு முந்தின வருடம் கீழ்ப்பகுதியை மட்டும் பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார்கள். கரண்டு மண்ணுக்கு இறங்க இருந்த வழி போய்விட்டது. டைரக்டில் வெந்து வெந்து ராடு விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து நான் கட்டிய ஒயருக்கு, ஒயரிலிருந்து பைப்புக்கு, பைப்பிலிருந்து எல்லம்மா ஆசையாக வாங்கி மாட்டிய ஸ்டீல் குழாய்க்கு. மேல் வீட்டிலும் மற்ற வீடுகளிலும் பிளாஸ்டிக் குழாய். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கம்பெனி அழுக்குப் போக வேலை நாளில் மட்டும்தான் மேல் வீட்டுக்காரர் கீசர் போடுவாராம், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கடிக்கவில்லை.

“நீதான அன்னிக்கி வந்தது?” என்றார் மேல் வீட்டுக்காரர், என் முகத்தை உற்றுப் பார்த்து. “அட்த்த வாரம் வந்து புது சாமான் போட்றேன்னு சொல்லிட்டுப் போன. இன்னா, இதுதான் அட்த்த வாரமா?”

அன்றைக்கு எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. பையில் கட்-அவுட் இல்லை. அடுத்த வாரம் நிச்சயம் வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். இதை எங்கே போய்ச் சொல்வது? ஒயரை வெட்டினேன், கீசரின் இணைப்பை எடுத்தேன், எர்த் போடாமல் இதைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினேன். ஃபியூஸ்களைப் போட்டுவிட்டு எட்டு வீட்டு பைப்பையும் டெஸ்டரால் பார்த்தேன். எரியவில்லை.

அதற்குள் செயலாளர் எங்கள் ஆபீசுக்குப் பேசியிருந்தார். மேலதிகாரி போனில் கூப்பிட்டார். வீட்டுக்காரர் வயரிங் கோளாறு என்று மட்டும் எழுது, டைரக்ட் கிரக்ட் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது, அந்த மூடியைக் கையோடு எடுத்து வந்துவிடு என்றார். பதற்றமே இல்லாமல், சாயங்காலம் டீ வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளையைப் பைத்தியம் ஆக்கியாயிற்று, இனி அதை அப்படியே விட்டுவிட்டு மூடியை மட்டும் எடுத்து வர வேண்டுமாம். போனை வைத்துவிட்டேன். பிறகு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

எல்லம்மா வீட்டுக்கு வந்து, பழைய தாளைக் கொடுங்கள், கிழித்துப் போடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. “கிழிச்சுட்டா? புதுசா எழுது” என்றார். எழுதினேன். குழாயில் கரண்டு இருந்தது, மேல் வீட்டு கீசரிலிருந்து வந்தது, அதைத் தப்பாக மாட்டியது நான், முதல் தடவை சரியாகப் பார்க்காமல் எழுதியதும் நான். எழுதியதைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார்.

“கரண்டு இருந்துச்சுன்னு எழுதிட்ட, சரி. எனுக்குப் பைத்தியம் இல்லேன்னு எங்க எழுதிக்கீற?”

மாடல் எண்ணுக்குக் கட்டம் உண்டு, மாற்றிய சாமானுக்குக் கட்டம் உண்டு, அதற்கு ஒரு கட்டமும் இல்லை. தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினேன். ‘எல்லம்மா சொன்னது அத்தனையும் சரி. அவருக்கு எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என்னுடையது.’

அவர் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, “யாரு பேசறது?” என்றார். மெக்கானிக் என்றேன். “ஒன்னும் இல்லேன்னு எழுதிக் குடுத்த அதே ஆளா?” அதே ஆள்தான் என்றேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு மகளின் குரல் வந்தது.

“யம்மா, நாளைக்கே வந்து என்ன இட்டுகினு போ.”

எல்லம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஊரே பைத்தியம் என்றபோது அழாதவர். பிறகு என்னைப் பார்த்தபடியே போனில் சொன்னார்: “வரேன் கண்ணு. நாளைக்கு மொதல்ல அந்த பஸ்ஸு வரட்டும். கொழாயப் பாத்துட்டு அப்பால வரேன்.”

மறுநாள் இரண்டரைக்கே போய் நின்றேன். பஸ் வந்தது, மேல் வீட்டுக்காரர் இறங்கினார், ஏறி வந்தார். கால்மணி காத்திருந்தோம். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. முதலில் என் கையை வைத்தேன். எல்லம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு, தன் கையை வைத்து, பத்து எண்ணும் நேரம் அப்படியே நின்றார். பிறகு சேலை மாற்றிக்கொண்டு மாத்தூர் பஸ் பிடிக்கப் போனார்.